சுண்டிப் பார்க்காத பானை

பொட்டிப்புரத்தில் அன்று காலை மலையைக் காணோம்.

ஆனி மாதத்தில் அது வழக்கமாக நடக்கிற திருட்டுதான். ராத்திரி படுக்கப் போகும்போது மேற்கே வானத்தை அடைத்துக்கொண்டு நின்ற மலை, விடியும்போது வெள்ளை மூட்டத்துக்குள் போய்விடும். சாரல் விழுகிறதா இல்லையா என்பது கையை நீட்டினால்தான் தெரியும். இந்த மாதிரி நாளில் மாடுகூடப் பாதித் தூக்கத்தில்தான் அசைபோடும். மனுஷரைச் சொல்வானேன்?

ஆனால் முருகம்மாளுக்கு ஒரு வாரமாகத் தூக்கம் பிடிக்கவில்லை. சந்தோஷத்தில் வராத தூக்கம் அது. அதற்கு எந்த வைத்தியரிடமும் மருந்து கிடையாது.

வாரம் தவறாமல் நம்மோடு வருகிறவர்களுக்குக் காரணம் தெரியும். இன்றைக்குத்தான் வண்டியில் ஏறியவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

முருகம்மாள் வேளார் வீட்டு மருமகள். புருஷன் சுருளியாண்டி பானை வனைவான், அவள் கொண்டுபோய் விற்பாள். புது மண்சட்டியை வாங்கிப் போகிற பெண்கள் அதைப் பழக்கி எடுப்பதற்குள் படுகிற பாட்டை அவள் பார்த்திருக்கிறாள். தண்ணீரில் ஊறப்போட வேண்டும், எண்ணெய் தடவ வேண்டும், அரிசி கழுவிய கழுநீர் ஊற்றிக் கொதிக்கவிட வேண்டும், ஆறவிட்டு மறுபடியும் முதலிலிருந்து. பொறுமை இல்லாதவள் நேரே அடுப்பில் ஏற்றுவாள், சட்டி விரிசல் விட்டுப்போகும், அடுத்த சந்தையில் முருகம்மாளோடு சண்டைக்கு வருவாள். அந்தப் பாட்டை நாமே பட்டு, பழக்கின சட்டியாகவே விற்றால் என்ன என்று ஒருநாள் அவளுக்குத் தோன்றியது. சூளையைப் பிரித்த பிறகும் சாம்பலில் சூடு நெடுநேரம் கிடக்கும். வீணாய்ப் போகிற சூடுதானே. சட்டிபானைகளில் கழுநீரை ஊற்றி அந்தச் சாம்பலில் உட்காரவைத்தாள். அடியில் கரிகூடப் பிடிக்கவில்லை.

போடியில் ஏலக்காய்க் கடைக் கணக்கப்பிள்ளைகளின் வீட்டுப் பெண்கள் அவற்றைக் கொத்திக்கொண்டு போனார்கள். பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஞானபாக்கியம் அம்மாள், "வர்ற வெள்ளிக்கிழமையில இருந்து எங்க கடை வாசல்ல ஒரு பக்கம் உனக்குத்தான் முருகம்மா. பலகை போட்டு அடுக்கிக்கோ" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து முருகம்மாள் கண்ணைத் திறந்துகொண்டே கனவு காண்கிறாள்.

ஊருக்குள் மட்டும் இந்த வியாபாரத்தைக் கேட்டாலே முகம் சுளித்தார்கள். "இன்னொருத்தி கஞ்சி கொதிக்கவச்ச பானைய எவ காசு குடுத்து வாங்குவா?" என்றார்கள். பொட்டிப்புரத்தில் ஒரு தரம் சூடு கண்ட பானை, சாப்பிட்டு மடித்த இலை மாதிரி. நல்ல காரியத்துக்கு அது ஆகவே ஆகாது.

இந்த வீட்டில் இன்னொரு கனவுக்காரியும் உண்டு. சுருளியாண்டியின் தங்கை செல்வமணி. அவள் புருஷன் சின்னக்கருப்பு போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வேலைக்குப் போயிருக்கிறான். அதனால் அவள் கண் எப்போதும் மேற்கேயே கிடக்கும். போன வாரம் அப்படி மலையைப் பார்த்துக்கொண்டு நின்றதில், சூளைக்கு வைத்திருந்த வைக்கோல் மழையில் நனைந்துவிட்டது. "மலையப் பாத்துக்கிட்டே நின்னா சூளை வெந்துருமா?" என்று முருகம்மாள் வாய்க்கு வந்தபடி வைதுவிட்டாள். அன்றோடு மதினிக்கும் நாத்தனாருக்கும் பேச்சு நின்றுபோயிற்று. ஈர வைக்கோலை வைத்துத்தான் சூளையை மூட்டினார்கள். செல்வமணி ஊமையாகவே சூளையைப் பிரித்தாள், ஊமையாகவே ஒவ்வொரு பானையையும் சுண்டிப் பார்த்து அடுக்கினாள், ஊமையாகவே கல்யாணப் பானைகளுக்குக் கிளி எழுதினாள்.

கல்யாணம் யாருக்கு என்றால், கஸ்தூரியம்மாளின் இளைய மகள் ராக்கம்மாளுக்கு. கண்மாயில் யார் மண் எடுக்கலாம், யார் எடுக்கக்கூடாது என்று சொல்கிற வீடு அது. மாப்பிள்ளைக்கு ஊர் ஜெயமங்கலம்.

அன்று காலை அந்த வீட்டுப் பெண்கள் மேளத்தோடு பானை எடுக்க வந்தார்கள். மூட்டத்துக்குள் முதலில் நாயனச் சத்தம் மட்டும்தான் வந்தது. பிறகு ஒரு சிவப்புச் சேலை, ஒரு பச்சைச் சேலை என்று ஒவ்வொன்றாக முளைத்தன. சுண்ணாம்புப் பூச்சும் காவிக் கோடும் கிளிகளுமாகப் பானைகள் வாசலில் வரிசையாக நின்றன. நடுவில் நிறைபானை. பந்தலில் நடுகிற அரசாணிக்கால் முன்னால் நெல்லைப் பரப்பி அதைத்தான் வைப்பார்கள். முதல் நாள் சாயங்காலம் சுமங்கலிப் பெண்கள் அதில் தண்ணீர் நிறைப்பார்கள். மறுநாள் தாலி கட்டி முடிந்ததும் பெண்ணும் மாப்பிள்ளையும் அதற்குள் கைவிட்டு மோதிரம் தேடுவார்கள்.

வந்தவர்களில் துடுக்கான ஒருத்தி, சந்தைப் பழக்கத்தில், நிறைபானையைச் சுண்ட விரலை நீட்டினாள். பக்கத்திலிருந்த பெரியம்மா அவள் கையில் ஒன்று போட்டாள்.

"ஏன்டி, பொண்ணப் பேசி முடிச்சப்பொறவு பல்ல எண்ணிப் பாப்பாகளா? மணப்பானையச் சுண்டக் கூடாதுன்னு தெரியாது?"

எல்லோரும் சிரித்தார்கள். வெற்றிலை, தேங்காய், அரிசி மாறின. குலவை போட்டுப் பானைகளைத் தூக்கினார்கள். பந்தலில் பானைகளை அடுக்கிக் கொடுக்க வேளார் வீட்டுப் பெண் கூடப் போக வேண்டும் என்பது முறை. செல்வமணி போனாள். தெருமுனையில் அவள் நின்று திரும்பி, என்னவோ சொல்ல வாயெடுத்தாள். ஒரு வாரத்துக்குப் பிறகு அந்த வாய் திறந்ததே முருகம்மாளுக்குப் போதுமானதாக இருந்தது. "போயிட்டு வா, போயிட்டு வா" என்று கையை ஆட்டினாள். மேளம் நகர்ந்தது, செல்வமணியும் மூட்டத்துக்குள் போய்விட்டாள்.

மத்தியானம் முருகம்மாள் போடிக்கு அனுப்ப வேண்டிய சட்டிபானைகளை வைக்கோலுக்குள் இருந்து எடுத்தாள். ஒவ்வொன்றையும் ஈரத்துணியால் துடைத்து, வண்டிக்குக் கட்டத் தயாராக ஓரமாக வைத்தாள். பழக்கின பானையில் ஈரத்துணி வழுக்கிக்கொண்டு போகும். உள்ளே இறங்காது. கைக்கு அது ஒரு சுகம்.

ஒரு சோற்றுப்பானையில் துணி வழுக்கவில்லை.

அவள் மறுபடி துடைத்தாள். துடைத்த இடம் அப்படியே ஈரத்தை உறிஞ்சிக் கறுத்துப்போயிற்று. விரலை நனைத்து ஒரு சொட்டு வைத்தாள். சொட்டு மறைந்தது. மூக்கை உள்ளே விட்டுப் பார்த்தாள். எண்ணெய் வாசனையும் இல்லை, கஞ்சி வாசனையும் இல்லை. சுத்தமான சூளை மண் வாசனை.

இது புதுப்பானை. கழுநீரையே காணாத பானை.

அப்படியானால் இந்த இடத்தில் இருந்திருக்க வேண்டிய பழக்கின பானை எங்கே? இந்த அளவில் இந்தச் சூளையில் இரண்டே பானைதான் வனைந்தது. ஒன்று போடிக்கு. இன்னொன்று நிறைபானைக்கு.

முருகம்மாள் அப்படியே வைக்கோலில் உட்கார்ந்துவிட்டாள். 'செல்வமணி மலையைப் பார்த்துக்கொண்டே கிளி எழுதினாளே, பானை மாறிப்போச்சே' என்று தலையில் அடித்துக்கொண்டாள். கிளியும் காவியுமாகக் கஸ்தூரியம்மாள் வீட்டுப் பந்தலில் நிற்பது, கஞ்சி கொதித்த பானை.

சுருளியாண்டி சக்கரத்தில் இருந்தான். சக்கரத்தில் உட்கார்ந்துவிட்டால் அவனுக்குக் காது வேலை செய்யாது. கையில் மண் எழும்பும், குழியும், வாய் விரியும். அவன் வாயும் லேசாகத் திறந்திருக்கும். முருகம்மாள் அவன் முன்னால் போய் நின்று இரண்டு தடவை சொன்ன பிறகுதான் சக்கரம் நின்றது.

"யாரும் பாத்தாகளா?" என்றான்.

"யாரு பாக்கப்போறா? மேல சுண்ணாம்புப் பூச்சு."

"அப்பச் சரி."

"என்னத்தச் சரி?"

"பானைக்கு வாய் இருக்கு, பேச்சு இல்ல. நாளைக்கு வெள்ளெனத் தாலி ஏறிரும். கல்யாணம் முடிஞ்சா அந்தப் பானை தண்ணிப்பானையா அவுக கொல்லையில கெடக்கும். நீ போயிச் சொன்னா என்ன ஆகும் தெரியும்ல? கண்மாயில மண்வெட்டி போட விடமாட்டாக. மண்ணு இல்லாம போடியில எதை அடுக்குவ? உன் ரெண்டு கையையா?"

அவன் கோபமாகச் சொல்லவில்லை. அவனுக்குக் கோபமே வராது, அதுதான் அவனோடு சண்டை போடுவதில் உள்ள கஷ்டம். முருகம்மாள் ஞானபாக்கியம் அம்மாள் கடை வாசலை நினைத்துப் பார்த்தாள். இன்னும் வாங்காத பலகைகூட அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. பின்னால் பெரிய பானைகள், முன்னால் குழம்புச் சட்டிகள், ஓரத்தில் மூடிகள். அத்தனையும் கண்மாய் மண்.

"நாளைக்குப் பின்ன அந்தப் புள்ளை ராக்கம்மா வயித்துவலின்னு படுத்தாக்கூட எனக்கு இந்தப் பானைதான் கண்ணுல நிக்கும்" என்றாள். "எனக்கு அது ஆகாதுங்க."

சுருளியாண்டி தலையைக் குனிந்துகொண்டான். "செய்யி. எனக்குச் சொல்லத் தைரியம் இல்ல, உன்னையத் தடுக்கவும் தைரியம் இல்ல" என்று சொல்லிவிட்டுச் சக்கரத்தைச் சுற்றினான். இதைவிட நல்ல சம்மதம் அவனிடமிருந்து எந்தக் காலத்திலும் வந்ததில்லை.

முருகம்மாள் அந்தப் புதுப்பானையைக் கிழக்குமுகமாக வைத்துக் கும்பிட்டாள். இனி அது நிறைபானை. சுண்ணாம்பு பூசினாள், கங்கு பக்கத்தில் வைத்துக் காயவிட்டாள், காவியால் கோடு போட்டாள். கிளி மட்டும் வரவில்லை. செல்வமணி கையில் ஒரே இழுப்பில் பறக்கிற கிளி, இவள் கையில் கோழிக்குஞ்சாக உட்கார்ந்துகொண்டது. அழுகை வருகிற நேரத்திலும் அதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது.

பானையைத் துண்டால் மூடி இடுப்பில் வைத்துக்கொண்டு கண்மாய்க் கரை வழியே நடந்தாள். ஊர்ப்பாதையில் போனால் எல்லோருக்கும் பதில் சொல்ல வேண்டும். கரையில் கொக்கைத் தவிர யாரும் இல்லை. தண்ணீர் எங்கே முடிகிறது, மூட்டம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. மண் வெட்டிய பள்ளங்களில் நீர் நின்றது. அவளுடைய மாமனார் வெட்டியது, புருஷன் வெட்டியது, அவளே கூடை சுமந்தது. ஒருவேளை இனி இந்தப் பக்கம் கால் வைக்க முடியாதோ என்னவோ. நடக்க நடக்க, தான் நடக்கவில்லை, இந்த வெள்ளைக்குள் மிதக்கிறோம் என்றே அவளுக்குத் தோன்றியது. கரை முடியாமலே இருந்தால் நன்றாக இருக்கும்.

கரை முடிந்தது. கல்யாண வீட்டில் கிராமபோன் பாடிக்கொண்டிருந்தது.

கஸ்தூரியம்மாள் கொல்லையில் காய் நறுக்குகிறவர்களை விரட்டிக்கொண்டிருந்தாள். கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல்.

"என்னத்தா முருகம்மா, காலையில குடுத்தது பத்தலைன்னு இன்னொன்னு தூக்கிட்டு வந்திருக்க?"

"ஆத்தா, உங்ககிட்ட ஒத்தையில ஒரு வார்த்தை சொல்லணும்."

முகத்தைப் பார்த்ததும் கஸ்தூரியம்மாள் அவளை நெல் குதிர் இருக்கும் அறைக்குள் கூட்டிப்போனாள். முருகம்மாள் சுற்றி வளைக்கவில்லை. நடந்ததை அப்படியே சொல்லி முடித்தாள்.

"அடுப்புல ஏறுன பானையா? என் மக கல்யாணத்துக்கா?"

"அடுப்புல ஏறல ஆத்தா. சூளைச் சாம்பல்ல…"

"கழனித்தண்ணி கொதிச்சுச்சா, இல்லையா?"

"கொதிச்சுச்சு."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"உங்களுக்கு, எனக்கு, எங்க வீட்டுக்காரகளுக்கு."

கஸ்தூரியம்மாள் குதிரில் சாய்ந்துகொண்டாள். "பாவி, நீ சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காதே. நாளைக்கு நிம்மதியாப் பந்தியில நின்னுருப்பேன். ஏண்டி வந்து சொன்ன?"

"சந்தையில அம்புட்டுப் பேரும் சுண்டிப் பாத்துத்தான் வாங்குறாக. அங்கன ஏமாந்தா அவுக பாடு. நெறபானைய யாருஞ் சுண்டுறதில்லையே ஆத்தா. எங்க கைய நம்பித்தானே வாங்குறீக."

கஸ்தூரியம்மாள் துண்டை விலக்கிப் பானையைப் பார்த்தாள்.

"இது கிளியா, கோழியா?"

"கிளிதான் ஆத்தா. நான் எழுதினேன்."

"நல்லா எழுதின போ" என்றாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "வா. பொம்பளையெல்லாம் வாய்க்காலுக்குத் தண்ணிக்குப் போயிருக்காக. அவுக வர்றதுக்குள்ள மாத்திருவோம்."

பந்தலில் அரசாணிக்கால் முன்னால் பரப்பிய நெல்லின் மேல் நிறைபானை நின்றது. கஸ்தூரியம்மாள் தன் கையாலேயே அதைத் தூக்கி முருகம்மாளிடம் கொடுத்தாள். புதுப்பானையைத் தன் கையாலேயே வைத்தாள். வைத்துவிட்டு அதன் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"விடியக்காலம் இந்த நெல்லு நனையாம இருக்கணும், முருகம்மா. எனக்கு அதொண்ணுதான். எங்க மூத்தவ கல்யாணத்துல பானை கசிஞ்சு நனைஞ்சுச்சு."

முருகம்மாளுக்கு அது தெரியும். ஊருக்கே தெரியும். மூத்தவள் வெள்ளைச் சேலையோடு அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள், பந்தல் பக்கமே வரவில்லை.

"அது உன் மாமனாரு வனைஞ்ச பானை. அன்னைக்கு நான் ஒரு வார்த்தை கேக்கல. எங்க விதின்னு இருந்துட்டேன். இன்னைக்கு நீயா வந்து சொன்ன பாரு, அதுக்கு ஒரு மரியாதை உண்டு. கண்மாய் மண்ணு உங்களுக்குத்தான். போடியில நீ கஞ்சி காச்சி வித்தாலும் சரி, களி கிண்டி வித்தாலும் சரி, நான் கேக்கமாட்டேன். ஆனா இன்னொருக்கா நெல்லு நனைஞ்சா, உங்க மண்வெட்டிய வீட்டுலயே வச்சுக்கிருங்க. என்னால ரெண்டு தடவை பொறுக்க முடியாது."

"நனையாது ஆத்தா. ஒவ்வொண்ணையும் சுண்டிப் பாத்துத்தான் செல்வமணி அடுக்குனா. சொத்தைய அன்னைக்கே உடைச்சுட்டோம்."

மனசாரத்தான் சொன்னாள்.

பழைய நிறைபானையைக் கொல்லையில் கொண்டுபோய் வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, உடம்பிலிருந்து ஒரு மூட்டையை இறக்கிவைத்தது போல இருந்தது முருகம்மாளுக்கு. சொல்லியாயிற்று. மண்ணும் போகவில்லை, போடியும் போகவில்லை. கஸ்தூரியம்மாள் வாயாலேயே 'வித்துக்கோ' என்று வந்துவிட்டது. இனி ஊரில் எவள் முகம் சுளிப்பாள்? பெட்ரோமாக்ஸ் விளக்கைக் காற்றடித்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த வெளிச்சத்தில் சாரல் பூம்பொடியாக மிதந்தது. கிராமபோனில் ஒரு பெண் குரல் நீளமாக இழுத்தது. முருகம்மாள் ஒரு பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் நின்றது பொட்டிப்புரத்தில் இல்லை. போடி பஜாரில், பலகைக்குப் பின்னால். யாரோ ஒருத்தி குனிந்து, 'இது பழக்கினதாம்மா?' என்று கேட்கிறாள். 'ஆமா தாயி, இன்னைக்கே குழம்பு வைக்கலாம்' என்கிறாள் இவள்.

"மதினி."

செல்வமணி. மடியில் கட்டிய பூச்சரமும் கையில் நாருமாக நின்றாள். பெண்ணுக்குப் பூக்கட்ட உள்ளே இருத்தியிருக்கிறார்கள்.

முருகம்மாள் அவளை இழுத்துக் கட்டிக்கொண்டாள். ஒரு வாரக் கோபம் எங்கே போயிற்றோ. "ஏத்தா, கனவுக்காரி! மலையப் பாத்துக்கிட்டே பானைய மாத்தி எழுதிட்டேல்ல? போகுது போ. நான் வந்து சொல்லி மாத்திப்பிட்டேன். ஆத்தா ஒண்ணுஞ் சொல்லல."

செல்வமணியின் கையிலிருந்த நார் நழுவியது.

"எதை மாத்துனீக?"

"நெறபானையத்தான். வைக்கோலுக்குள்ள புதுசு ஒண்ணு கெடந்துச்சே, அதைக் கொண்டாந்து வச்சிட்டேன்."

"மதினி, அதைச் சுண்டிப் பாத்தீகளா?"

முருகம்மாள் இல்லையென்று தலையாட்டினாள். கும்பிட்டு எடுத்த பானையை யார் சுண்டுவார்கள்?

"அது சொத்தை மதினி." செல்வமணி அழத் தொடங்கிவிட்டாள். "சூளை பிரிச்ச அன்னைக்கே 'பொத்'துன்னுச்சு. அடியில மசுரு மாதிரி ஒரு கீறல். நான் நனையவிட்ட வைக்கோலாலதான், எனக்குத் தெரியும். அந்த அளவுக்கு வேற புதுசும் இல்ல. நீங்க ஏற்கெனவே எங்கூடப் பேசல. அண்ணன்கிட்டச் சொன்னா அதுக்கு மனசு ஒடைஞ்சு போகும். பழக்குன பானைன்னாலும் பழுதில்லாத பானையா இருக்கட்டும், நெல்லு நனையாம இருந்தாச் சரின்னு அதைத் தேய்ச்சுக் கழுவிக் கிளி எழுதிட்டேன். இதை உடைச்சுப் போடணும்னுதான் வைக்கோலுக்குள்ள வச்சேன். மறந்துட்டேன் மதினி. காலையில தெருமுனையில சொல்ல வந்தேன். நீங்க போன்னு கையக் காட்டிட்டீக."

முருகம்மாள் அவளைத் திட்டவில்லை. திட்ட நேரமும் இல்லை. பழைய பானை கொல்லையில் இருக்கிறதே, கழுநீர் கண்டதோ இல்லையோ, அது கசியாது. கஸ்தூரியம்மாளிடம் மறுபடி என்ன சொல்வது என்பதை அப்புறம் பார்க்கலாம். இரண்டு பேரும் கொல்லைக்கு ஓடினார்கள்.

வைத்த இடத்தில் பானை இல்லை. அது அடுப்பில் இருந்தது. சமைக்க வந்த தவசிப்பிள்ளை கோட்டையடுப்புக்குப் பக்கத்தில் மூன்று கல்லைக் கூட்டி, அதில் ரசத்தைக் கொதிக்கவிட்டுக்கொண்டிருந்தார். நெருப்பு நாக்கு ஏறி ஏறிச் செல்வமணியின் கிளிகள் ஒவ்வொன்றாகக் கறுத்துக்கொண்டிருந்தன.

"யாரு தாயி கொண்டாந்து வச்சது? எண்ணெய்ப் பதம் ஏறி எம்புட்டு வாகான பானை!" என்றார் அவர். "அடுப்புல வச்ச ஒடனே கொதி வந்துருச்சு."

முருகம்மாள் என்றைக்காவது ஒருவர் வாயால் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்ட பாராட்டு அது. காதில் விழுந்தது, உள்ளே இறங்கவில்லை.

வாசல் பக்கம் குலவை கேட்டது.

வாய்க்காலுக்குப் போன பெண்கள் வந்துவிட்டார்கள். இடுப்பில் குடமும், ஈரச் சேலையும், தலையில் சாரலுமாகப் பந்தலுக்குள் நுழைந்தார்கள். மேளம் எழுந்தது. முருகம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போவதற்குள் முதல் குடம் சாய்ந்துவிட்டது. இரண்டாவதும் சாய்ந்தது. பானைக்குள் தண்ணீர் விழுகிற சத்தம் அவளுக்கு மட்டும் தனியாகக் கேட்டது. அவள் கண் பானையின் மேல் இல்லை. அதற்குக் கீழே, நெல்லின் மேல் இருந்தது. நெல் இன்னும் காய்ந்துதான் கிடந்தது.

கஸ்தூரியம்மாள் அவளைப் பார்த்துவிட்டாள். அந்தக் கனத்த முகத்தில், வெகுநாளாகக் காணாமல் போயிருந்த ஒரு சிரிப்பு வந்தது. சம்பந்தி வீட்டுப் பெண்கள், ஊர்ப் பெண்கள் அத்தனை பேருக்கும் கேட்கும்படி கூப்பிட்டாள்.

"வாத்தா முருகம்மா! ஏன் அங்கன ஓரமா நிக்கிற? கடைசிக் குடத்தை நீ ஊத்து. இந்த வீட்டுல இதுவரைக்கும் வெளியாளு ஊத்துனதில்ல. உன் கைதான் இன்னைக்கு என் மகளுக்கு ராசியான கை."

கூட்டம் வழிவிட்டது. யாரோ ஒரு குடத்தை நீட்டினார்கள். இது சொத்தைப் பானை என்று சொல்ல முருகம்மாள் வாயெடுத்தாள். எதிரே, வாசற்படியில், பட்டுச் சேலையும் மருதாணிக் கையுமாக ராக்கம்மாள் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

முருகம்மாள் குடத்தை வாங்கினாள்.